ஒரு சாயங்காலம் மட்டும் வருகிறவர்கள்: சுங்கை சிப்புட் சந்தா நிரல், ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்கு மரண சகாய நிதி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று சந்தா, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே கையில் ஒரு தொகை, பந்தலும் நாற்காலியும் நிதிக் கணக்கில். எங்கள் நிதி தோட்டத்து லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்த காலத்தில் தொடங்கியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டம் கைமாறியது, ஆட்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்து சேர்ந்தார்கள், நிதி மட்டும் கலையவில்லை. சிறுகச் சிறுகக் கட்டுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை, தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில், 1960-ல், தொழிலாளர்களிடம் சிறுகச் சேர்த்துத் தோட்டம் வாங்க தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்த அமைச்சர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர்தான். ஆனால் லயத்தில் இருந்தபோது ஒரு வரிசை நடந்தால் வசூல் முடிந்துவிடும். இப்போது உறுப்பினர் ஒருவர் ஈப்போவில், இன்னொருவர் ஜொகூரில், சந்தா கட்டுகிற மகன் சிங்கப்பூரில்.

2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, வீடு வீடாகப் போகிற வசூல் நின்றது, பேங்க் வழியாகப் பணம் வர ஆரம்பித்தது. கூடவே புலனத்தில் (வாட்ஸ்அப்) ரசீதுப் படம். யார் போட்டது, எந்த மாதத்துக்கு, அப்பா பெயரிலா மாமனார் பெயரிலா, ஒன்றும் இருக்காது, "ஐயா பணம் போட்டாச்சு" மட்டும்தான். பொருளாளர் ஐயா எழுபது தாண்டியவர், அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) மாதிரி நீள நோட்டில் கோடு போட்டு எழுதுகிறவர், மூன்றே மாதத்தில் சலித்துப்போனார். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் கணினி பார்க்கிறவன், வீட்டில் அடைந்துகிடந்த நேரத்தில் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதிக்கொடுத்தேன். உறுப்பினர் பட்டியல், வரவு, பாக்கி, ரசீது, அவ்வளவுதான். பக்கத்து ஊர் நிதிக்காரர்கள் கேட்டபோது ஒவ்வொருவருக்கும் பென்டிரைவில் கொடுத்து அலைய முடியாமல், 2021 தொடக்கத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற எம்ஐடி உரிமம் போட்டு, நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டேன். ஈப்போ அண்ணன் ஒருவர் பராமரிப்பில் சேர்ந்துகொண்டார். திறமூல (ஓப்பன் சோர்ஸ்) திட்டம் நடத்துகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்தோம். மொத்தம் இரண்டு பேர்.

மூன்றாவது ஆளைத் தேடிய கதைதான் கீழே இருப்பது.

கட்டைவிரல்கள்

ஊர்ப் பிள்ளைகள் இருக்கிற புலனக் குழுவில் ஒரு அழைப்பு போட்டேன். தோட்டத்தில் பிறந்து இப்போது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மென்பொருள் வேலை பார்க்கிறவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், எல்லாரும் அதில் உண்டு. "நம்ம ஊருக்கு ஒரு திட்டம், உதவ விருப்பமுள்ளவர்கள் சேரலாம்" என்று எழுதினேன். கட்டைவிரல் மழை. "சூப்பர் அண்ணே", "நான் ரெடி", "லிங்க் கொடுங்க". லிங்க் கொடுத்தேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, ஒரு வரி நிரல் வரவில்லை. நம்ம பிள்ளைகளுக்கு வாய்தான் நீளம், அக்கறை கிடையாது என்று ஈப்போ அண்ணனிடம் தே தாரிக் ஆறும் வரை புலம்பினேன். அவரும் ஆமாம் போட்டார். இரண்டு பேருமே தப்பு.

அந்த வருஷம் தீபாவளிக்கு அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு, ஓரளவு பைத்தான் தெரியும். அவளும் அந்தக் குழுவில் கட்டைவிரல் காட்டினவள்தான். "ஏம்மா ஒன்னும் செய்யல?" என்று கேட்டதற்கு, "செஞ்சு பாத்தேன் மாமா, ஓடல, கேக்க வெட்கமா இருந்துச்சு" என்றாள். அது என்னைச் சுட்டது. சரி, என் முன்னால் இன்னொரு தரம் செய், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி, முறுக்குத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நிரலை எப்படி நிறுவி ஓட்டுவது என்று நான் எழுதிவைத்த ஆவணத்தில் பொய் ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படியும் சரி, என் மடிக்கணினியில். முதல் இரண்டு பத்தி நிதியின் வரலாறும் நன்றியுரையும், அவள் கண் அதில் நிற்கவே இல்லை, கீழே இழுத்துப்போனாள். "பைத்தான் நிறுவியிருக்க வேண்டும்" என்று இருந்தது. அவள் கணினியில் பைத்தான் இல்லை, கறுப்புத் திரையில் அந்தச் சொல்லைத் தட்டினதும் விண்டோஸ் தன் போக்கில் மைக்ரோசாப்ட் ஸ்டோரைத் திறந்தது, அதிலிருந்து நிறுவலாமா கூடாதா என்று ஆவணத்தில் இல்லை. அப்புறம் போஸ்ட்கிரஸ் என்கிற தரவுத்தள மென்பொருள். ஒரு ஊர் நிதியின் பட்டியலுக்கு எதற்கு போஸ்ட்கிரஸ்? எனக்குப் பழக்கம், அதனால் போட்டேன், வேறு காரணம் கிடையாது. அதை நிறுவிக் கடவுச்சொல் வைத்து ஓட்டவே முக்கால் மணி நேரம் போனது. அதையும் தாண்டினாள், பிள்ளைக்குப் பொறுமை அதிகம். கடைசியில் நிரல் ஒரு கோப்பைத் தேடியது. சி டிரைவில், என் பெயர் போட்ட அடைவுக்குள் (ஃபோல்டர்), உறுப்பினர் பட்டியல். அந்தப் பட்டியல் உலகத்தில் ஒரே ஒரு மடிக்கணினியில்தான் இருக்கிறது. அதைப் பொதுவில் வைக்கவும் முடியாது, அத்தனை குடும்பத்தின் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் அதில் இருக்கிறது.

ஆக, கட்டைவிரல் காட்டினவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே முயன்றிருந்தாலும் ஒருவர்கூட இந்த நிரலை ஓட்டியிருக்கவே முடியாது. பூட்டிய வீட்டு வாசலில் நின்று "ஏன் யாரும் சாப்பிட வரவில்லை" என்று கோபித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. செய்ய வேண்டிய வேலைகள் என்று கிட்ஹப்பின் இஷ்யூ (வேலைக் குறிப்பு) பட்டியலில் எழுதிவைத்தவை எல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்ட துண்டுச்சீட்டுகள். "வி.ச. ரவுண்டிங்." "கிராணி நோட் மாதிரி." "ரசீது, ஐயா சொன்னது." அவள் திரும்பிப் பார்த்து, "மாமா, வி.ச.ன்னா என்ன?" என்றாள். விடுபட்ட சந்தா. வாயைத் திறக்க மாட்டேன் என்ற சத்தியம் அங்கே முறிந்தது.

இது எங்கள் ஊர் நோய் மட்டும் இல்லை

அப்புறம்தான் மற்றவர்கள் என்ன பார்த்திருக்கிறார்கள் என்று தேடினேன். 2017-ல் கிட்ஹப் நடத்திய திறமூலக் கருத்தாய்வில் பதில் சொன்னவர்களில் 93 விழுக்காட்டினர், அரைகுறையான, காலாவதியான ஆவணங்களைப் பரவலான சிக்கலாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆய்வில் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணப் பக்கம் அபூர்வமாகத்தான் கை வைக்கிறோம், அல்லது வைப்பதே இல்லை என்கிறார்கள். எல்லாருக்கும் இடிக்கிற கல், யாரும் நகர்த்துவதில்லை.

2016-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிடப் பயன்பட்டது. குஸ்தாவோ பிந்தோ, இகோர் ஸ்டைன்மாக்கர், மார்கோ ஜெரோசா மூவரும் பிரபலமான திறமூலத் திட்டங்களில் ஒரே ஒரு தடவை வந்து போகிறவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தார்கள். பங்களித்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 48.98 விழுக்காடு, அப்படிப்பட்டவர்கள். ஆனால் மொத்தக் கமிட்டில் (பதிவான மாற்றங்களில்) அவர்கள் பங்கு 1.73 விழுக்காடுதான். முதலில் படித்தபோது, பார், இவர்களுக்காக மெனக்கெடுவது வீண் என்றுதான் தோன்றியது. ஈப்போ அண்ணன் இன்னொரு எண்ணைக் காட்டினார்: அந்த ஒற்றைப் பங்களிப்புகளில் எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தம் 28.64 விழுக்காடு, வழு (நிரல் பிழை) நீக்கியது 30.20 விழுக்காடு. வந்து போகிறவர்கள் புள்ளியும் கமாவும் மட்டும் திருத்திவிட்டுப் போகவில்லை.

அதுவரை நாங்கள் தேடியது மூன்றாவது பராமரிப்பாளரை, அதாவது எங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கத் தயாரான இன்னொரு ஆளை. இருந்ததோ ஒரு சாயங்காலம் மட்டும் கையில் வைத்திருக்கிற நிறையப் பேர். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்தால் பதினொன்றரைக்குத் தூக்கம் வரும். அந்த இரண்டரை மணி நேரத்தை எங்கள் ஆவணமே தின்றுவிட்டால் மிச்சம் என்ன?

என்ன மாற்றினோம்

முதலில் மாற்றியது நிரலைத்தான், ஆவணத்தை அல்ல. விளக்கி எழுத வேண்டிய ஒரு படியை இல்லாமலே செய்ய முடியுமானால் அதுதான் நல்ல ஆவணம். போஸ்ட்கிரஸைத் தூக்கிவிட்டு எஸ்கியூலைட் வைத்தோம், தனியாக நிறுவ ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். ஆவணத்தில் ஒரு பக்கம் குறைந்தது.

அடுத்தது மாதிரிப் பட்டியல். கற்பனைக் குடும்பங்கள், கற்பனைத் தொகைகள். ஐசி எண்ணில்தான் தடுக்கியது: 12 இலக்கத்தை மனம்போன போக்கில் எழுதினால் அது நிஜமாகவே யாரோ ஒருவருடைய எண்ணாக இருந்து தொலைக்கலாம். அக்கா மகள்தான் வழி சொன்னாள். ஐசியில் ஏழாவது, எட்டாவது இலக்கம் பிறந்த இடத்துக்கானது, பேராக் என்றால் 08. எந்த மாநிலத்துக்கும் இல்லாத 00-வைப் போட்டுவிட்டால் பார்த்ததுமே போலி என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை நாங்கள் ஆவணத்தின் பகுதியாகத்தான் நினைக்கிறோம். நிரல் என்ன செய்கிறது என்று நான்கு பத்தி எழுதுவதைவிட, ஓட்டினதும் திரையில் பாக்கி வைத்திருக்கிற ஒரு கற்பனை மாரியம்மாள் தெரிந்தால் சட்டென்று புரிந்துவிடுகிறது.

எழுத்து வேலைக்கு வந்தபோது, டானியேலே புரோசிடா என்பவர் முன்வைக்கிற டியாடாக்சிஸ் முறை கைகொடுத்தது. பாடம், செய்முறை, குறிப்பு, விளக்கம் என்று நான்கு வகை எழுத்து உண்டு, ஒன்றோடொன்றைக் குழப்பாதே என்பது அதன் சாரம். நாங்கள் நான்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தோம். பிரித்தோம். வரலாறும் நன்றியும் கடைசிப் பக்கத்துக்குப் போயின (ஐயா கொஞ்சம் வருத்தப்பட்டார்). திட்டத்தின் முகப்புப் பக்கமான ரீட்மீயின் தலையிலேயே "முதல் சாயங்காலம்" என்று ஒரு பகுதி, திரையில் ஒரே பார்வைக்குள் அடங்குகிற மாதிரி. பங்களிப்பு வழிகாட்டி எங்களிடம் முன்பே தனிக் கோப்பாக இருந்தது, கிட்ஹப் 2012 முதல் அந்தக் கோப்புக்கு ஒரு இணைப்பைத் தானே காட்டுகிறது. ஆனால் அப்போது அது கண்ணில் பட்டது எப்போது? ஒருவர் இஷ்யூவோ புல் ரிக்வெஸ்டோ (தன் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறக்கும்போது. எங்கள் ஆட்கள் அந்த இடம் வரைக்கும் வந்ததே இல்லை.

மொழி விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. நிரல் எழுதத் தெரிந்தவனுக்கு ஆங்கிலம் தெரியும், எதற்குத் தமிழ் என்பது அண்ணன் கட்சி. நான் தமிழில் எழுதினேன், மலாயில் ஒரு நண்பர் எழுதிக்கொடுத்தார், பிழைச்செய்திகளை மட்டும் திரையில் வருகிறபடியே ஆங்கிலத்தில் விட்டோம், தேடிப் பார்க்க அதுதான் வசதி. இதில் அண்ணன் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்ப் பக்கம் இல்லாவிட்டால் கீழே வரப்போகிற டீச்சர் வந்திருக்க மாட்டார்.

இஷ்யூக்களைத் திரும்ப எழுதினதுதான் பெரிய வேலை. எந்தக் கோப்பு, இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது, எல்லாம் எழுதினோம். எழுதும்போதே பாதி இஷ்யூக்களில் எனக்கே என்ன வேண்டும் என்று தெரியாதது தெரிந்தது, அவற்றை மூடிவிட்டோம். குழுவில் போடுகிற அழைப்பும் மாறியது. "திட்டத்தில் சேருங்கள்" என்பதை விட்டோம். "ரசீதில் மாதப் பெயர் தமிழில் வர வேண்டும், ஒரு மணி நேர வேலை, மாதிரிப் பட்டியல் உள்ளே இருக்கிறது, யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டோம். கட்டைவிரல் குறைந்தது. ஒரு தம்பி மட்டும் "நான் பாக்குறேன் அண்ணே" என்றார், அன்றிரவே செய்தும் அனுப்பினார்.

வந்தவர்கள்

நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஒருவர். யார் என்று எங்களுக்குத் தெரியாது, குழுவிலும் இல்லை. அவர் ஊர் நிதிக்கு நிரலைப் போட்டுப் பார்த்திருக்கிறார், ரசீது ஒன்றுகூடச் சேமிக்கவில்லை. காரணம், பெயர். ஐசியில் இருக்கிறபடி "ஏ/எல்" என்று (இன்னாரின் மகன் என்பதன் மலாய்ச் சுருக்கம்) அப்பா பெயருக்கு முன்னால் சாய்கோடு போட்டு உறுப்பினர் பெயரை ஏற்றியிருந்தார். எங்கள் நிரல் அந்தப் பெயரையே ரசீதின் கோப்புப் பெயராக வைக்கும், கணினி சாய்கோட்டைக் கண்டதும் அதை அடைவுப் பாதை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத அடைவைத் தேடிவிட்டு நின்றுவிடும். எங்கள் ஐயா பட்டியலில் ஏ/எல்லும் கிடையாது, மகளுக்கான ஏ/பியும் கிடையாது. யாருடைய அப்பா யார் என்று அவருக்குத் தெரியும், எதற்கு எழுத வேண்டும்? மலேசியாவில் தமிழர்களுக்காக ஒரு நிரல் எழுதி, அதில் மலேசியத் தமிழர் பெயரை வைக்க முடியவில்லை, அது எங்கள் இருவர் கண்ணுக்கும் படவில்லை.

மூன்று வரித் திருத்தம் அனுப்பினார். சேர்த்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு, ஆர்வக்கோளாறில் "அடுத்து எதை எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுவைத்தேன். பதில் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியவரை இழுத்து மறுபடி இலை போட்ட மாதிரி. அவர் திரும்ப வரவேயில்லை, அதில் எனக்குக் கொஞ்ச நாள் மனத்தாங்கல்கூட இருந்தது. இப்போது அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

அடுத்து வந்த வழு இன்னும் அழகு. வேறொரு ஊர் நிதியில் வயதைப் பொறுத்துச் சந்தா மாறும். ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, வருஷத்துக்கு இரண்டே இலக்கம். பைத்தான் அந்த இரண்டு இலக்கத்தைப் படிக்கும்போது 69 முதல் 99 வரை இருந்தால் 1900-களில் வைக்கும், 00 முதல் 68 வரை இருந்தால் 2000-களில் வைக்கும். 1941-ல் பிறந்த பாட்டி 2041-ல் பிறக்கப்போகிறவர் ஆகிவிட்டார். நானும் அண்ணனும் எழுபதுகளில் பிறந்தவர்கள், எங்கள் ஐசியையே போட்டுச் சோதித்தோம், எல்லாம் சரியாக வந்தது. மரண சகாய நிதி யாருக்காக இருக்கிறதோ அவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் நிரலின்படி இன்னும் பிறக்கவில்லை. திருத்தியவர் ஒரு மாணவி, அந்த ஒரு சாயங்காலத்தோடு சரி.

டீச்சர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நிரல் எழுதத் தெரியாது. கிட்ஹப்பில் கோப்புக்கு மேலே ஒரு பென்சில் படம் இருக்கும், அதை அழுத்தி உலாவியிலேயே திருத்தி அனுப்பலாம், நகல் எடுக்கிற வேலையைக் கிட்ஹப்பே பார்த்துக்கொள்ளும். அதை நான்கு வரியில் தமிழில் எழுதியிருந்தோம். "இறந்த நபர் விவரம்" என்று நான் வைத்திருந்த தலைப்பை அவர் "அமரர் விவரம்" என்று மாற்றினார். குறிப்பில், "தம்பி, ரசீதைக் கையில் வாங்குகிறவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள்" என்று எழுதியிருந்தார். நான் அதைப் பல தடவை படித்தேன்.

சொதப்பியவை

வீடியோ எடுத்தோம். அண்ணன் குரலில், பன்னிரண்டு நிமிஷம். அடுத்த மாதமே ஒரு பொத்தான் இடம் மாறியது, வீடியோவில் அதைத் திருத்த முடியாது, அழித்துவிட்டோம்.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் இன்னொன்று. டிஜிட்டல்ஓஷன் 2014 முதல் அக்டோபர்தோறும் நடத்துவது. 2020-ல் டீசர்ட்டுக்காக ஆட்கள் குப்பைத் திருத்தங்களை அனுப்பிக் குவித்து, பராமரிப்பாளர்கள் கொதித்துப்போய், திட்டமே சம்மதித்தால்தான் கணக்கில் சேரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அதெல்லாம் தெரிந்தும் 2022 அக்டோபரில் நாங்களாகவே சம்மதம் கொடுத்தோம், ஆசைதான் காரணம். ஒருவர் "வணக்கம்" பக்கத்தில் ஆச்சரியக்குறி சேர்த்தார். ஒருவர் நன்றிப் பட்டியலில் தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டார். ஒருவர் டீச்சர் எழுதிய தமிழை இயந்திர மொழிபெயர்ப்பால் மாற்றி அனுப்பினார். தீபாவளி வாரம் முழுக்க அவற்றை மூடிக்கொண்டிருந்தோம்.

தாமதமும் எங்களுடைய சொதப்பல்தான். ஒரு தம்பி ராத்திரி பதினொன்றுக்கு நல்ல திருத்தம் ஒன்று அனுப்பினார், நாங்கள் பார்த்தது மூன்று வாரம் கழித்து. சின்ன மாற்றம் ஒன்று கேட்டோம், ஆளே இல்லை. இப்போது இரண்டு நாளைக்குள் "பார்த்தேன், ஞாயிறு சேர்க்கிறேன்" என்றாவது எழுதிவிடுகிறோம்.

சின்ன இஷ்யூக்களை நாங்களே தின்பது இன்னும் நிற்கவில்லை. புதியவருக்கு என்று ஒதுக்கிவைத்த ஒரு மணி நேர வேலையை எனக்குக் கால் மணி நேரத்தில் முடிக்கத் தெரியும், கை அரிக்கும். ஐயாவுக்கு அவசரமானதைக் காத்திருக்க வைப்பதும் நியாயமில்லை. அதனால் யார் கணக்கும் இடிக்காத வேலைகளை மட்டும் ஒதுக்குகிறோம், அப்படிப்பட்டவை அதிகம் கிடைப்பதில்லை.

நேரக் கணக்கு கேட்டால் மறைக்க மாட்டேன்: வந்த திருத்தங்கள் எல்லாவற்றையும் நானே செய்திருந்தால் ஆவணத்துக்குச் செலவான நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. ஆனால் சாய்கோட்டையும் 1941-ஐயும் நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், அவர்கள் கொண்டுவந்தது திருத்தத்தோடு கூடவே தங்கள் ஊர் நோட்டையும்தான்.

இப்போது பாக்கி இருக்கிற ஆவணம் கணினியைப் பற்றியதே இல்லை. ஐயாவின் பழைய நோட்டுகளைப் பதிவேற்ற வேண்டும், பெயர்களுக்குப் பக்கத்தில் என்னென்னவோ குறிகள், அவருக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும். ஞாயிறு காலையில் பசாருக்குப் போய்விட்டு அவர் வீட்டில் உட்காருகிறோம், விடுமுறைக்கு வந்தால் அக்கா மகள் தட்டச்சு செய்வாள். சிவப்புச் சுழி என்றால் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறியது. இரட்டைக் கோடு என்றால் சந்தாவைத் தள்ளுபடி செய்தது. ஒரு வருஷம் முழுக்கச் சில பெயர்கள் பச்சை மையில் இருந்தன. அதற்கு என்ன ஐயா அர்த்தம் என்று அவள் கேட்டாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, நிறைய நேரம் பார்த்தார்.

"அன்னிக்குப் பச்சைப் பேனாதான்மா இருந்துச்சு" என்றார்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்: பச்சை மை, பொருள் இல்லை.